ராமநாதபுரம் கடற்கரையில் ஏபிஆர்எஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோவை, அதாவது உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக இயக்கும் ரேடியோவை வைத்து, யார் எங்கே இருக்கிறார்கள் என்று மேப்பில் பார்ப்பது பற்றி நம் பக்கத்து ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் உள்ள கரையை மனதில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். மலை உள்ள ஊர்க்காரர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

ஏபிஆர்எஸ் என்றால் என்ன? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் பாக்கெட் ரிப்போர்ட்டிங் சிஸ்டம் என்பதன் சுருக்கம். ஒரு ரேடியோ, ஒரு ஜிபிஎஸ், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன மோடம், அவ்வளவுதான் கருவி. மோடம் உங்கள் கால்சைனையும் (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளப் பெயர்) இருக்கும் இடத்தையும் 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு தொனிகளாக மாற்றுகிறது, ரேடியோ அதை ஒரு நொடிக்குள் காற்றில் விட்டுவிடுகிறது. வேகம் 1200 பாட். இதற்குத்தான் பாக்கெட் என்று பெயர். குறிப்பிட்ட ஒருவருக்கு என்று அனுப்புவதில்லை, கிடைத்தது என்று யாரும் பதில் சொல்வதும் இல்லை, அந்த அலைவரிசையில் இருக்கிற எல்லாரும் எடுத்துத் தங்கள் மேப்பில் போட்டுக்கொள்ளலாம்.

இதை உருவாக்கியவர் பாப் புருனிங்கா, அமெரிக்கக் கடற்படை அகாடமியில் வேலை பார்த்தவர், கால்சைன் டபிள்யூபி4ஏபிஆர். 1982 வாக்கில் ஆப்பிள் 2 கணினியில் கடற்படைக் கப்பல்களின் இடத்தை மேப்பில் போட்டுப் பார்த்ததுதான் தொடக்கம், 1984-ல் ஒரு நெடுந்தூரக் குதிரைப் பந்தயத்துக்காக கொமடோர் விக்-20 கணினியில் எழுதினார், 1992-ல் இன்றைய பெயரோடு வெளியே வந்தது. 2022-ல் இறந்துபோனார். கடைசி வரை அவர் விடாமல் சொன்னது ஒன்றுதான்: இது வண்டி எங்கே போகிறது என்று பார்ப்பதற்கான சாதனம் மட்டும் இல்லை, ஒரு வட்டாரத்தில் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்பது அங்கே இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிவதற்கான வழி. கடலோரத்தில் இருக்கிற நமக்கு இந்தப் பேச்சு மிகச் சரியாகப் பொருந்தும் என்பது என் எண்ணம், கீழே வரும் பதில்கள் பலவும் அதைச் சுற்றியே இருக்கும்.

உரிமம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் டபிள்யூபிசி என்ற பிரிவு தேர்வு வைக்கிறது, 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம், விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளம் வழியாக. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு எடுத்தால் வியு3 என்று தொடங்கும் கால்சைன், ஜெனரல் கிரேடு என்றால் வியு2. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை, ஏபிஆர்எஸ் செய்ய அந்த உரிமமே போதும். பிளஸ் டூ பிசிக்ஸ் மின்சாரப் பாடம் ஞாபகம் இருந்தால் தேர்வு சிரமமில்லை. இணையத்தில் சீன ஹேண்டி (கையடக்க ரேடியோ) மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் வாங்கிவிட்டு அப்புறம் தேர்வைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் போகாதீர்கள், அதுவும் எல்லைக் கடல் பக்கத்தில் இருந்துகொண்டு.

அண்ணே, எங்க மீன்பிடி வல்லத்தில் ஒன்று வைத்துவிட்டால் வீட்டில் இருந்தே பார்த்துக்கொள்ளலாமா?

அதிகமாக வருகிற கேள்வி இது. எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதும் தெரியும், கடலுக்குப் போனவர் நேரத்துக்குத் திரும்பாத இரவு எப்படி இருக்கும் என்பதும் இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். அதனால் நேராகவே சொல்கிறேன்: மீன்பிடித் தொழிலுக்கு இதை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

முதல் காரணம் சட்டம். ஹாம் ரேடியோ பணம் வராத பொழுதுபோக்கு, பயிற்சி, ஆராய்ச்சி, அவசர உதவி ஆகியவற்றுக்கு மட்டும். தொழிலுக்குப் பயன்படுத்த அனுமதி இல்லை. இயக்குகிறவரிடம் உரிமம் இருக்க வேண்டும், படகிலோ கப்பலிலோ வைத்து இயக்குவதற்குத் தனி அனுமதியும் வேண்டும். இரண்டாவது காரணம் அதைவிடப் பெரியது: அந்தப் பாக்கெட்டை மறுமுனையில் ஒருவர் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. உயிரைக் காப்பதற்கான கருவி என்றால் எதிர்முனையில் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும்.

அப்படி ஆள் இருக்கிற ஏற்பாடுகள் உண்டு. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093. மரைன் விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்துக்கான அழைப்பு அலைவரிசை. இஸ்ரோ உருவாக்கிய டிஏடி என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி செயற்கைக்கோள் வழியாகப் படகின் இடத்தைக் காவல்படைக்குச் சொல்கிறது, இரண்டாம் தலைமுறைக் கருவியில் ‘செய்தி கிடைத்தது’ என்ற பதிலும் படகுக்கு வருகிறது. இது தவிர பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் வேலை 2024-ல் தொடங்கியது. புயல் எச்சரிக்கை, எல்லையை நெருங்குகிறோம் என்ற எச்சரிக்கை எல்லாம் அதில் வரும். மீன்வளத்துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், உங்கள் படகின் பதிவெண்ணோடு. வல்லத்துக்கும் நாட்டுப்படகுக்கும் எப்போது கிடைக்கும் என்று சங்கத்தில் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

அப்புறம் இங்கே இது எதற்குத்தான் பயன்படும்?

நிறைய இருக்கிறது.

முதலில் காற்று. ஏபிஆர்எஸ் பாக்கெட்டில் வானிலை விவரத்துக்குத் தனி அமைப்பே உண்டு: காற்றின் திசை, வேகம், திடீர் வீச்சு, வெப்பம், மழை, ஈரப்பதம், காற்றழுத்தம் எல்லாம் ஒரே பாக்கெட்டில் அடங்கும். பாம்பனில் ஒன்று, மூக்கையூரில் ஒன்று, தொண்டியில் ஒன்று என்று மொட்டைமாடியில் சின்ன வானிலைக் கருவி வைத்தால், வாடைக்காற்று எங்கே எப்போது ஏறுகிறது, தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கச்சான் காற்று எப்போது விழுகிறது என்பதை ஒரே மேப்பில் பார்க்கலாம். வடகடலில் (பாக் விரிகுடா) அலை கிடக்கும் அதே நாளில் தென்கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் என்பது பாம்பன்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்த வித்தியாசம் எண்ணாகப் பதிவாவது பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல பாடம். ஒரு விஷயம் கவனம்: வானிலைப் பாக்கெட்டில் வெப்பம் பாரன்ஹீட்டில் போகும், காற்று மணிக்கு இத்தனை மைல் என்று போகும், மழை அங்குலத்தில் நூறில் ஒரு பங்காக. நகரும் நிலையத்தின் வேகம் மட்டும் நாட் கணக்கில். மென்பொருளே மாற்றிக்கொள்ளும் என்றாலும் சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள்.

அடுத்தது கூட்டம். ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தக் கரையில் கூடுகிற கூட்டம், ஏர்வாடி சந்தனக்கூடு, இந்த மாதிரி நாட்களில் செல்போன் கோபுரம் திணறிவிடும். முதலுதவி வண்டியிலும் தன்னார்வலர்கள் நாலைந்து பேரிடமும் டிராக்கர் (இடத்தைத் தானாக அனுப்பும் ஏபிஆர்எஸ் கருவி) இருந்து, ஒருங்கிணைக்கிற மேசையில் மேப் இருந்தால், ‘எங்கே இருக்கீங்க’ என்று குரலில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, குரல் அலைவரிசை உண்மையான பேச்சுக்குக் காலியாக இருக்கும். உரிமம் உள்ளவர்கள்தான் டிராக்கரைச் சுமக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது புயல். 1964 டிசம்பர் 22-23 இரவில் தனுஷ்கோடியில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்; ரயில் ஒன்று பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டது, பாம்பனுக்கு இந்தப்பக்கம் இருந்தவர்களுக்கு உடனே தெரியவில்லை. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது செல்போன் எல்லாருடைய பையிலும் இருந்தது, ஆனால் மின்சாரமும் கோபுரமும் பல ஊர்களில் நாள்கணக்கில் இல்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது ஹாம் நிகழ்ச்சிக்காக போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத், கால்சைன் வியு2ஆர்பிஐ, அங்கிருந்தே வெளியுலகத்துக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார், நிலையம் ஏற்கனவே அமைத்து ஓடிக்கொண்டிருந்ததால்தான் அது முடிந்தது. புயல் அறிவிப்பு வந்தபிறகு ஆன்டெனா தேடி ஓட முடியாது.

எவ்வளவு தூரம் போகும்?

ஹேண்டியின் பெட்டியில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். இரண்டு மீட்டர் பேண்டில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில், தூரத்தை முடிவு செய்வது ஆன்டெனாவின் உயரம். ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் வரும். இரண்டு முனைக்கும் தனித்தனியே போட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். கரையில் நிற்கிறவர் கையில் உள்ள ஹேண்டி 2 மீட்டர் உயரம், சுமார் 6 கி.மீ. மாடி வீட்டின் மேல் 9 மீட்டரில் ஆன்டெனா, சுமார் 12 கி.மீ. ஆக இரண்டுக்கும் நடுவே 18 கி.மீ. அதே ஆன்டெனா 30 மீட்டர் கோபுரத்தில் இருந்தால் 28 கி.மீ. இரண்டு கோபுரமும் 30 மீட்டர் என்றால் 45 கி.மீ. ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேர்கோட்டில் 50 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, அதனால் இரண்டு ஊரிலும் கோபுரம் இருந்தாலும் நேரடியாக நம்ப முடியாது. நடுவே மண்டபத்தில் ஒன்று இருந்தால் இரண்டு பக்கமும் கேட்கும்.

நம் மாவட்டக் கரையில் ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது, ராமேஸ்வரம் தீவில் உயரமான இடமே கந்தமாதன பர்வதம்தான், அதுவும் மணல்மேடு. பனங்காடும் உடைமரக்காடும் அலையைக் கொஞ்சம் உறிஞ்சும். ஆனால் கடலுக்கு மேலே போகிற பாதையில் தடுக்க எதுவும் இல்லை என்பதால் தேவிபட்டினத்திலிருந்து தொண்டிப் பக்கம் போவது சாலை ஓரமாகப் போவதைவிடச் சுத்தமாக இருக்கும்.

ராமேஸ்வரம் டிவி கோபுரம் 323 மீட்டர், அதில் ஒரு ஆன்டெனா இருந்தால் 70 கி.மீ. தாண்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு சரி, ஆனால் கோபுரம் தூர்தர்ஷனுடையது, முறையான அனுமதி இல்லாமல் நினைக்கவே கூடாது. பள்ளி, கல்லூரிக் கட்டடங்கள், தண்ணீர்த் தொட்டிகள், விருப்பமுள்ளவர்களின் மூன்று மாடி வீடுகள், இவைதான் நமக்கு நடைமுறையில் கிடைக்கிற உயரம்.

டிஜிபீட்டர், ஐகேட் இரண்டும் ஒன்றா?

இல்லை. டிஜிபீட்டர் கேட்ட பாக்கெட்டைத் திரும்பக் காற்றிலேயே அனுப்பும். ஐகேட் கேட்ட பாக்கெட்டை இன்டர்நெட்டில் உள்ள ஏபிஆர்எஸ் சர்வர்களுக்குக் கொடுக்கும், அங்கிருந்துதான் ஏபிஆர்எஸ் டாட் எஃப்ஐ போன்ற மேப் தளங்களுக்குப் போகிறது. நிறையப் பேர் ஐகேட்டோடு நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் போனைத் திறந்தால் தன் கால்சைன் மேப்பில் தெரிகிறது, சந்தோஷமாக இருக்கிறது. நம் கரைக்கு முதல் தேவை டிஜிபீட்டர். நெட் அறுந்தால் ஐகேட் வெறும் பெட்டி, டிஜிபீட்டருக்கு ஒரு பேட்டரியும் சோலார் பேனலும் இருந்தால் போதும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது, கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே இருக்கிறது.

டிஜிபீட்டருக்கு ராஸ்ப்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, டைர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருள், ஒரு சவுண்ட் கார்டு, வண்டியில் பொருத்துகிற பழைய விஎச்எஃப் ரேடியோ ஒன்று போதும். ஐகேட்டாகவும் அதையே ஓட்டலாம், ஆனால் இன்டர்நெட்டோடு இணைக்கும் முன் உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

பாத் என்ன போடுவது?

பாத் என்பது உங்கள் பாக்கெட்டை டிஜிபீட்டர்கள் எத்தனை முறை திரும்ப அனுப்பலாம் என்று சொல்லும் குறிப்பு. சாலையில் போகிற வண்டிக்கும் கையில் உள்ள ஹேண்டிக்கும் வைட்1-1, வைட்2-1. மாடியில் நிலையாக இருக்கிற நிலையத்துக்கு வைட்2-1 மட்டும். யாராவது பழைய பக்கத்தைப் பார்த்து வைட்7-7 என்று போடச் சொன்னால் செய்யாதீர்கள், அலைவரிசை ஒன்றுதான், அதை எல்லாரும் பகிர்ந்துகொள்கிறோம்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பீக்கன் விடலாம்?

பீக்கன் என்பது நிலையம் தானாக விடுகிற பாக்கெட். நகராத வீட்டு நிலையத்துக்கு அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தாராளம். வானிலை நிலையம் என்றால் 10 நிமிடம். வண்டிக்கு ஸ்மார்ட் பீக்கனிங் என்ற வசதியைப் போட்டுவிடுங்கள்: நேர்சாலையில் குறைவாகவும், திரும்பும்போது உடனேயும், நின்றுவிட்டால் எப்போதாவதும் அனுப்பும். உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை ராமேஸ்வரம் நெடுஞ்சாலை போன்ற நேர்சாலையில் 3 நிமிடத்துக்கு ஒன்று போனாலே மேப்பில் கோடு அழகாக விழும். 10 நொடிக்கு ஒருமுறை விடுகிற டிராக்கர் ஒன்று போதும், ஊரில் வேறு யாரும் பேச முடியாது.

என்ன அலைவரிசை?

வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800, நாட்டுக்கு நாடு வேறு. செட்டில் தொழிற்சாலையிலேயே பதிந்து வருவது அது எந்தச் சந்தைக்குத் தயாரானதோ அந்த நாட்டுடையது. அதை அப்படியே நம்பி பட்டனை அழுத்தாமல், மதுரை, சென்னைப் பக்கத்து ஹாம்கள் எதில் இருக்கிறார்கள் என்று கேட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இதற்கு அர்த்தம்.

குறைந்த செலவில் தொடங்க வழி?

ஒரு ஹேண்டி, ஒரு ஆண்ட்ராய்டு போன், ஏபிஆர்எஸ்டிராய்டு செயலி, இரண்டையும் இணைக்கும் கேபிள். இதுவே போதும், ஆனால் நான்கு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹேண்டியில் பேட்டரி சேவ் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் செட் தூங்கி எழுவதற்குள் பாக்கெட்டின் தலை போய்விடும். வாக்ஸை (ஒலி கேட்டதும் செட் தானாக அனுப்பத் தொடங்கும் வசதி) நம்பி அனுப்பினால் தொடக்கம் வெட்டுப்படும், முடிந்தபின்னும் செட் சற்று நேரம் அனுப்பிக்கொண்டே இருப்பதால் உடனே வருகிற பதிலைத் தவறவிடும். பிடிடியை (அனுப்பும் பொத்தான்) இயக்குகிற கேபிள் அல்லது மொபிலிங்க்ட் போன்ற சின்ன புளூடூத் டிஎன்சி (மோடம்) நல்லது. போனின் ஒலியளவை முழுதாக வைக்காதீர்கள், சத்தம் அதிகமானால் தொனி கெட்டு யாராலும் பிரிக்க முடியாது. பாக்கெட்டைக் கேட்கும்போது ஸ்குவெல்ச்சை (வெறும் இரைச்சலை அடக்கும் வசதி) திறந்தே வையுங்கள். ‘என் பாக்கெட்டை டிஜிபீட்டர் எடுக்கவில்லை’ என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நான்கில் ஒன்றுதான் காரணம், ஆன்டெனா இல்லை.

கொஞ்சம் காசு செலவழிக்க முடிந்தால் கென்வுட் டிஎச்-டி75, யேசு எஃப்டிஎம் வரிசை போன்றவற்றில் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

என் வீடு ராமேஸ்வரத்தில், மேப்பில் கடலுக்குள் காட்டுகிறது. ஏன்?

இது வெறும் தவறு என்று விட்டுவிட முடியாத தவறு, நம் பகுதியில் குறிப்பாக. போனில் மேப்பைத் திறந்தால் இடம் டிகிரி தசமத்தில் வரும், ராமேஸ்வரம் என்றால் சுமாராக 9.288, 79.313. ஏபிஆர்எஸ் கேட்பது டிகிரியும் நிமிடமும். 0.288-ஐ 60-ஆல் பெருக்கினால் 17.28 நிமிடம், 0.313-ஐ 60-ஆல் பெருக்கினால் 18.78 நிமிடம், ஆக 0917.28 வடக்கு, 07918.78 கிழக்கு என்று எழுத வேண்டும். பெருக்காமல் எண்களை அப்படியே நகர்த்தி 0928.80, 07931.30 என்று போட்டுவிட்டால் உங்கள் வீடு 30 கி.மீ. வடகிழக்கே நகர்ந்து, கச்சத்தீவுக்கும் வடக்கே, எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் இலங்கைக் கடலில் போய் உட்கார்ந்துகொள்ளும். உலகமே பார்க்கிற மேப்பில் ஒரு இந்தியக் கால்சைன் அங்கே நிற்பது யாருக்கும் நல்லதில்லை. முதல் பீக்கன் விட்டவுடன் மேப்பில் பார்த்துச் சரி செய்யுங்கள்.

இலக்கத்தின் கடைசி இடம் நிமிடத்தில் நூறில் ஒரு பங்கு, தரையில் சுமார் 18 மீட்டர். அதற்கு மேல் துல்லியம் சாதாரணப் பாக்கெட்டில் கிடையாது, தெருவைக் காட்டும், வாசலைக் காட்டாது.

கால்சைனுக்குப் பின்னால் -9, -7 என்று போடுகிறார்களே?

ஒரே ஆளின் பல நிலையங்களைப் பிரித்துக்காட்ட. வண்டிக்கு -9, ஹேண்டிக்கு -7, படகுக்கு -8, பலூனுக்கு -11, வானிலைக்கு -13, வீட்டுக்கு எதுவும் வேண்டாம். இது வழக்கம்தான், சட்டம் இல்லை.

நெட் போய்விட்டால் மேப் எப்படித் தெரியும்?

இதை இன்றைக்கே செய்து வையுங்கள். யாக் என்ற மென்பொருளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், லினக்ஸ்காரர்களுக்கு எக்ஸாஸ்டிர் இருக்கிறது, ஏபிஆர்எஸ்டிராய்டிலும் மேப் கோப்பைப் போனிலேயே வைக்கும் பதிப்பு உண்டு. மாவட்டம் முழுக்க இறக்கினாலும் பெரிய இடம் பிடிக்காது.

ஆனால் மேப்பில் இருப்பதெல்லாம் நம் ஊரில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அரிச்சல்முனையின் மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் உருமாறுகிறது, மேப்பில் கடல் என்று காட்டுகிற இடத்தில் ஆள் நிற்பார், நிலம் என்று காட்டுகிற இடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். காரங்காடு அலையாத்திக் காட்டுக்குள் வாய்க்கால்கள் பலதும் மேப்பில் இல்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்; தெரு, கிணறு, புயல் பாதுகாப்பு மையம், படகு நிறுத்துகிற இடம் இவற்றையெல்லாம் ஊர்ப்பெயரோடு சேர்ப்பது, டிராக்கர் வாங்குவதைவிடப் பெரிய உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன். உச்சிப்புளி கடற்படைத் தளம் போன்ற இடங்களின் உள்விவரத்தை மட்டும் தொடாதீர்கள்.

கோடையில் திடீரென்று எங்கெங்கோ இருக்கிற நிலையங்கள் கேட்கின்றன. செட் கெட்டுவிட்டதா?

செட் நன்றாக இருக்கிறது. கடல்மேல் ஈரமான குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே நிலத்திலிருந்து வந்த சூடான உலர்ந்த காற்றும் அடுக்காக நிற்கும்போது, விஎச்எஃப் அலை அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொண்டு வளைந்து வளைந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். டக்டிங் என்பார்கள். அந்த நேரத்தில் மேலே சொன்ன அடிவானக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். அக்கரையின், அதாவது இலங்கையின் 4எஸ்7 கால்சைன்களும் வரலாம், கேட்டு மகிழுங்கள். ஆனால் அன்று கேட்டதை வைத்து ‘என் நிலையம் இவ்வளவு தூரம் போகும்’ என்று திட்டம் போடாதீர்கள், புயல்நாளில் அந்த அடுக்கு இருக்காது.

உப்புக்காற்றில் ஆன்டெனா எத்தனை நாள் தாங்கும்?

கவனிக்காமல் விட்டால் ஒரு மழைக்காலம் தாண்டாது. கேபிள் சேரும் இடம்தான் முதலில் போகும்: உள்ளே உப்புநீர் இறங்கிச் செம்பு பச்சையாகிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப்பும் சுற்றுங்கள். ‘என்’ வகை (N-type) கனெக்டர் வைத்தால் மழைக்குத் தாங்கும். செம்புக் கம்பியில் ஜே-போல் என்ற வகை ஆன்டெனா செய்து பிவிசி குழாய்க்குள் வைத்து இரண்டு முனையும் அடைத்துவிடுவது நம் ஊருக்கு நன்றாக ஒத்துவருகிறது, செலவும் குறைவு. தாங்குகம்பி இரும்பாக இருந்தால் வருடா வருடம் மாற்ற வேண்டும், நைலான் கயிறு வெயிலில் பொடிந்துவிடும். புரட்டாசி முடிவதற்குள் மேலே ஏறி ஒருமுறை எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது, ஐப்பசியில் ஏற முடியாது.

நான் எங்கே இருக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியுமே, ஆபத்தில்லையா?

தெரியும்தான். ஹாம் ரேடியோவில் மறைகுறி போட அனுமதி இல்லை, அனுப்பியது அனைவருக்கும் பொது, இணைய மேப்பில் பழைய தடமும் கிடைக்கும். தனியாகப் பயணிக்கிறவர்கள், பூட்டிய வீட்டை விட்டு வெளியூர் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டின் துல்லியத்தைக் குறைக்க, நிமிடத்தின் கடைசி இலக்கங்களை வெற்றாக விடும் வசதி இருக்கிறது. தேவையில்லாதபோது பீக்கனை அணைத்து வையுங்கள்.

இன்னொன்று. கடற்கரையில் ஆன்டெனாவோடு நின்றால் போலீஸ் வந்து கேட்பார்கள், கேட்கவும் வேண்டும், இது எல்லைப் பகுதி. உரிம நகலையும் அடையாள அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு, மேப்பைத் திறந்து காட்டி விளக்குங்கள். நிகழ்ச்சி நடத்தப் போகிறீர்கள் என்றால் முந்தைய நாளே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

போனில் செயலி போட்டால் ரேடியோவே இல்லாமல் மேப்பில் வரலாமே?

கால்சைன் இருந்தால் வரலாம். அது இன்டர்நெட் வழியாகப் போகிற ஏபிஆர்எஸ், பழகிப் பார்க்க நல்லது. கோபுரம் விழுந்தால் அதுவும் விழும்.

லோரா ஏபிஆர்எஸ் பற்றி?

லோரா என்பது இன்னொரு வகை ரேடியோ முறை. சின்னப் பலகை, மிகக் குறைந்த சக்தி, ஆனாலும் நல்ல தூரம், அதனால் பலருக்கு ஆசை. ஒரு எச்சரிக்கை: ஐரோப்பாவில் எழுதப்பட்ட மென்பொருளில் 433.775 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். இந்தியாவில் ஹாம்களுக்கான பேண்ட் 434-ல் தொடங்கி 438-ல் முடிகிறது. மாற்றாமல் ஆன் செய்யாதீர்கள்.

தமிழில் செய்தி அனுப்பலாமா?

அனுப்பலாம், யூனிகோடில். ஒரு செய்திக்கு 67 எழுத்து இடம்தான் உண்டு, தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும், ‘மு’ என்பதே இரண்டு குறியீடு, 6 பைட். அதனால் இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். கணினியிலும் போனிலும் நன்றாகத் தெரியும், செட்டின் சின்னத் திரையில் குப்பையாகத் தெரியும். அவசரச் செய்தியை ஆங்கில எழுத்திலேயே தமிழாக எழுதி அனுப்புங்கள், எல்லாக் கருவியிலும் படிக்க முடிய வேண்டும்.

எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். கேட்பதற்கு யாரும் இல்லை. என்ன செய்வது?

மேலே பாருங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு டிஜிபீட்டர் 145.825 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, பாத்தில் ஏஆர்ஐஎஸ்எஸ் என்று போட வேண்டும். நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் போவதால் நம் அடிவானத்துக்கு மேலே வந்து போக அதிகம் போனால் 10 நிமிடம், அதற்குள் அனுப்பினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவரும் கேட்பார். கைச்செட்டும் கையில் பிடிக்கிற யாகி ஆன்டெனாவும் போதும், தனுஷ்கோடி மணலில் நான்கு பக்கமும் மறைப்பில்லாத அடிவானம் இதற்கென்றே அமைந்த மாதிரி. சில நேரம் அந்த டிஜிபீட்டரை அணைத்து வைப்பார்கள், அதனால் போகும் முன் அன்று இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையில், உங்களுக்கு அடுத்த ஆள் வரும்வரை காத்திருக்காமல் டிஜிபீட்டரை முதலில் ஏற்றிவிடுங்கள். டிராக்கர் வாங்கியவர் கேட்க யாரும் இல்லை என்று ஒரு வாரத்தில் அதைப் பெட்டியில் போட்டுவிடுவார். போகிற வழியில் ஒரு நிலையம் தன் பாக்கெட்டைத் திரும்பச் சொன்னால் இரண்டாவது முறையும் ஆன் செய்வார். பக்கத்துக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் துறை இருந்தால் மொட்டைமாடியைக் கேளுங்கள், தேர்வுக்கு நான்கு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கரையில் ஆள் இருக்கும், கோபுரம் ஏற்ற, கம்பி இழுத்துக் கட்ட அவர்களைவிடக் கைதேர்ந்தவர்கள் கிடைக்க மாட்டார்கள்.